கண்ணாடியைக் கழற்றிய பின் வரும் மூட்டம்

சித்திரை மாதத்து மாலை ஒன்றில், இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் தம் தாயுடன் என் புறநோயாளர் அறைக்கு வந்தார். நான்கு மாதங்களுக்கு முன் அவருடைய இரு கண்களுக்கும் கிட்டப்பார்வைக்கான லேசர் அறுவை செய்தவன் நான்தான். அப்போது அவருக்கு மைனஸ் 7 பவர். அறுவை முடிந்த மூன்றாவது வாரத்தில், எழுத்து அட்டையின் கீழ்வரிகளைக் கண்ணாடி இல்லாமலே படித்துவிட்டு மகிழ்ச்சியோடு விடைபெற்றுச் சென்றவர். அதன்பின் அன்றுதான் வருகிறார். "டாக்டர், எல்லாருக்கும் பனி போய்விட்டது. எனக்கு மட்டும் இன்னும் மார்கழியாகவே இருக்கிறது" என்றார்.

இரு சக்கர வாகனத்தில் ஊர் ஊராகச் சென்று கடைகளில் சரக்குக்கு ஆர்டர் எடுப்பது அவருடைய வேலை. திரும்பும்போது இருட்டிவிடும். எதிரே வரும் லாரியின் விளக்கு, நனைந்த கண்ணாடிக்குப் பின்னால் எரிவதைப் போலச் சிதறித் தெரிகிறது என்றார். ஸ்லிட் லாம்பில் வைத்துப் பார்த்தேன். கருவிழியின் நடுப்பகுதியில், தண்ணீரில் ஒரு துளி பால் கலந்தாற்போன்ற வெண்மை. வலக்கண்ணில் கூடுதலாகவும் இடக்கண்ணில் சற்றுக் குறைவாகவும் இருந்தது. நீங்கிய பவரில் ஒரு பகுதியும் திரும்பி வந்திருந்தது.

சொட்டு மருந்தை எப்போது நிறுத்தினார் என்று கேட்டேன். மகன் தாயைப் பார்த்தார். "நான்தான் டாக்டர் நிறுத்தச் சொன்னேன். பார்வைதான் நல்லா வந்துடுச்சே, அது ஸ்டீராய்டு மருந்தாமே, எதுக்கு வீணா ஊத்தணும்னு நெனைச்சேன்" என்றார் அந்த அம்மா. சொல்லி முடிப்பதற்குள் அவர் கண்கள் கலங்கிவிட்டன.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகனின் கோப்பைப் புரட்டினேன். ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், கண் உலர்வுக்கும் நோய்த்தொற்றுக்கும் இடையே, 'கருவிழியில் மூட்டம் ஏற்படலாம்' என்று ஒரு வரி இருந்தது. பக்கத்தின் அடியில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. சட்டப்படி நான் சொல்லியாயிற்று. ஆனால் அந்த ஒரு வரியிலிருந்து, மூன்று மாதங்களுக்குச் சொட்டு மருந்தும் ஓராண்டுக்குக் கவனமும் தேவை என்பதை அந்தக் குடும்பம் எப்படிப் புரிந்துகொண்டிருக்கும்? இந்த அறுவையைப் பற்றிப் பேசும்போது நாங்கள் பத்து நிமிட லேசரைப் பற்றியே பேசுகிறோம். அதற்குப் பின் கண் ஆறும் மாதங்களைப் பற்றிப் போதிய அளவு பேசுவதில்லை. அது எங்கள் பக்கத்துக் குறை என்பதே என் கருத்து. இக்கட்டுரையை எழுதுவதும் அதனால்தான்.

முதலில் கருவிழியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கண்ணின் முன்புறம் கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல் அமைந்திருக்கும் ஒளிபுகும் படலம் அது. நடுப்பகுதியில் அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். உடலில் தோலும் தசைநாரும் எதனால் ஆனவையோ, அதே கொலாஜன் என்னும் புரத இழைகளால்தான் கருவிழியின் பெரும்பகுதியும் ஆகியிருக்கிறது. தோல் ஒளிபுகாதது, கருவிழியோ தெளிந்த நீர் போன்றது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் இழைகளின் அடுக்குமுறை. கருவிழியில் அவை மிக மெல்லியவை. ஒரே பருமன் உடையவை. சீரான இடைவெளியில் வரிசையாகப் படுத்திருப்பவை. இந்த ஒழுங்குதான் ஒளியைச் சிதறவிடாமல் உள்ளே அனுப்புகிறது என்பதை டேவிட் மாரிஸ் என்னும் அறிவியலாளர் 1957இல் விளக்கினார். அங்கே இரத்தக் குழாய்களும் கிடையா. இழைகளுக்கு இடையே ஆங்காங்கே கெரட்டோசைட் எனப்படும் உயிரணுக்கள் அமைதியாக இருந்துகொண்டு, அந்த ஒழுங்கைக் காத்துவருகின்றன.

கிட்டப்பார்வை உள்ளவரின் கண் பெரும்பாலும் சற்று நீளமானது. வெளியிலிருந்து வரும் ஒளி விழித்திரையை எட்டுவதற்கு முன்பே குவிந்துவிடுகிறது. கருவிழியின் வளைவைத் தட்டையாக்கினால் குவியும் இடம் பின்னோக்கி நகரும். லேசர் செய்யும் பணி இதுதான். பி.ஆர்.கே. என்னும் முறையில், கருவிழியின் மேற்பரப்பில் உள்ள மெல்லிய தோல் போன்ற அடுக்கை முதலில் நீக்கிவிட்டு, அடியில் உள்ள இழைப்பகுதியை லேசரால் இழைத்தெடுக்கிறோம். மைனஸ் 7 பவருக்கு நீக்க வேண்டிய ஆழம் ஏறத்தாழ 100 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் பருமன். லேசிக் முறையில் மேல்தோலை நீக்குவதில்லை. கருவிழியின் மேற்பகுதியை ஒரு மூடி போல் வெட்டித் திறந்து, உள்ளே லேசரைச் செலுத்திவிட்டு மீண்டும் மூடிவிடுகிறோம்.

இந்த லேசரின் வரலாற்றில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருடன் பணியாற்றிவந்தார். 1981ஆம் ஆண்டு நவம்பரில், நன்றி நவிலும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுவந்து, 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசரை அதன்மேல் செலுத்திப் பார்த்தார். சுற்றியுள்ள திசு கருகாமல் வெட்டு மட்டும் தெளிவாக விழுந்தது. கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலுடன் சேர்ந்து கருவிழியில் இதே சோதனையைச் செய்து 1983இல் வெளியிட்டார். 1995இல் அமெரிக்க அரசு பி.ஆர்.கே. சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தது.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெட்டு எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், உடலைப் பொறுத்தவரை அது காயமே. "லேசர்தானே டாக்டர், கத்தி இல்லையே" என்று நோயாளிகள் கேட்கும்போதெல்லாம் நான் இதைத்தான் நினைத்துக்கொள்கிறேன். கத்தியா லேசரா என்பது கருவிழிக்குள் இருக்கும் உயிரணுக்களுக்குத் தெரியாது.

மேல்தோல் நீங்கியதும் கெரட்டோசைட்டுகள் விழித்துக்கொள்கின்றன. காயத்துக்கு நேர் அடியில் இருப்பவை இறந்துபோக, சற்று அப்பால் இருப்பவை பெருகி அந்த இடத்துக்கு வந்து சேர்கின்றன. புதிதாக வளரும் மேல்தோலிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் உள்ளே இறங்குகின்றன. அவற்றுள் முதன்மையானது டி.ஜி.எஃப். பீட்டா. அதன் தூண்டுதல் நீடித்தால், வந்து சேர்ந்த உயிரணுக்களில் ஒரு பகுதி, தழும்பு உண்டாக்கும் வகையாக உருமாறிவிடுகிறது. உருமாறிய உயிரணு தானே ஒளியைச் சிதறடிக்கும். போதாததற்கு, முறையற்ற இழைகளையும் தாறுமாறாகச் சுரந்து குவிக்கும். துணி நெய்யத் தெரிந்தவர் எழுந்து போன தறியில் கயிறு திரிப்பவர் வந்து அமர்ந்தால் எப்படியோ, அப்படி. இதைத்தான் மருத்துவர்கள் 'ஹேஸ்' என்கிறோம். தமிழில் மூட்டம் என்பதே பொருத்தமான சொல்லாக எனக்குப் படுகிறது.

மேல்தோலுக்கும் இழைப்பகுதிக்கும் நடுவே ஒரு நுண்ணிய அடித்தளச் சவ்வு உண்டு. வேலி போன்றது அது. வேலி ஒழுங்காக மீண்டும் எழுந்துவிட்டால், மேலிருந்து இறங்கும் தூண்டுதல் நின்றுபோகும். தழும்பு உயிரணுக்கள் தாமாகவே மடியும். பழைய கெரட்டோசைட்டுகள் திரும்பி வந்து குப்பையை அகற்றும். பெரும்பாலோருக்கு இவ்வாறே நடக்கிறது. பி.ஆர்.கே. செய்துகொண்டவர்கள் பலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மாதங்களுக்குள் மெல்லிய மூட்டம் தோன்றும். மருத்துவர் கருவியில் பார்த்தால்தான் தெரியும். நோயாளி அதை உணரமாட்டார். ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் அது கரைந்துவிடும். அதைக் கண்டு எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

நான் சொல்லவந்தது இன்னொரு வகையை. எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணியிருக்கும் நேரத்தில், நான்காம் மாதத்திலோ ஆறாம் மாதத்திலோ, சிலருக்கு அதற்கும் பின்னரோ, அது தலைகாட்டும். எண்ணிக்கையில் இது குறைவு. ஆனால் பார்வையைக் குறைக்கக்கூடியது. எவ்வளவு ஆழமாக இழைத்திருக்கிறோமோ, அவ்வளவுக்கு வாய்ப்பும் கூடும். ஆகவே மைனஸ் 6க்கு மேற்பட்ட பவர் உள்ளவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டியவர்கள். மேல்தோல் ஆறுவதற்கு வழக்கத்தைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டவர்களும் அப்படியே.

அப்படியானால் எல்லாருக்கும் லேசிக்கே செய்துவிடலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லேசிக்கில் நடுப்பகுதியின் மேல்தோல் அப்படியே இருப்பதால் மூட்டம் அரிது. தொண்ணூறுகளில் மூட்டத்துக்கு அஞ்சித்தான் உலகெங்கும் மருத்துவர்கள் லேசிக்குக்கு மாறினார்கள். ஆனால் கருவிழி மெலிந்தவருக்கு மூடி வெட்டினால், நாளடைவில் கருவிழி வலுவிழந்து முன்னோக்கிப் பிதுங்கக்கூடும். மூட்டத்தைவிடக் கொடிய சிக்கல் அது. முகத்தில் அடிபட வாய்ப்புள்ள விளையாட்டிலோ பணியிலோ இருப்பவருக்கு மூடி நகர்ந்துவிடும் அச்சமும் உண்டு. அத்தகையோருக்கு பி.ஆர்.கே.யே பாதுகாப்பானது. என் இளைஞருக்கும் கருவிழி மெலிந்தே இருந்தது. முறையைத் தேர்ந்ததில் பிழையில்லை என்றே இன்றும் கருதுகிறேன்.

மூட்டத்தைத் தடுக்க எங்களிடம் உள்ள கருவிகளில் முக்கியமானது மைட்டோமைசின். இதைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், அறுவை முடிந்த மறுநாள் நோயாளி ஒருவரின் அக்கா என் அறைக்குள் வேகமாக நுழைந்தார். அவர் வேறொரு மருத்துவமனையில் செவிலியர். கையில் டிஸ்சார்ஜ் சீட்டு. "இது கேன்சர் வார்டில் நாங்கள் கையுறை போட்டுக்கொண்டு தொடும் மருந்து. என் தம்பி கண்ணில் இதை ஏன் சார் வைத்தீர்கள்? அவனுக்கு என்ன நோய், எங்களிடம் எதை மறைக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவர் குரல் நடுங்கியது.

மறைக்க ஒன்றுமில்லை; சொல்லாமல் விட்டதுதான் தவறு. மைட்டோமைசின் புற்றுநோய்க்கான மருந்துதான். மண்ணில் வாழும் ஒரு வகை நுண்ணுயிரியிலிருந்து ஜப்பானில் கண்டெடுக்கப்பட்டது. பெருகும் உயிரணுக்களைப் பெருகவிடாமல் தடுப்பது அதன் இயல்பு. 2000ஆம் ஆண்டை ஒட்டி, கருவிழியில் படிந்த மூட்டத்தைப் போக்கவும், பின்னர் அது வராமல் தடுக்கவும் கண் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 0.02 சதவீதக் கரைசலில் நனைத்த சிறு பஞ்சு வட்டை லேசர் பட்ட இடத்தில் சில நொடிகளிலிருந்து ஒன்றிரண்டு நிமிடம்வரை வைத்துவிட்டு, நன்றாகக் கழுவிவிடுகிறோம். ஒரே முறைதான். கெரட்டோசைட்டுகள் மிகையாகப் பெருகுவதை அது அடக்குகிறது. பி.ஆர்.கே. மறுபடியும் தலைநிமிர்ந்ததற்கு இம்மருந்து பெருங்காரணம். இதையெல்லாம் விளக்கியபின் அந்த அக்கா அமைதியானார். அவர் கடைசியாகக் கேட்டது மட்டும் எனக்குள் தங்கிவிட்டது: "இதை நேற்றே சொல்லியிருந்தால் என்ன சார்?"

மைட்டோமைசின் வைத்தும் மூட்டம் வருமா என்றால், வரலாம். வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது, முற்றிலும் நீங்குவதில்லை. என் இளைஞருக்கும் அது வைக்கப்பட்டிருந்தது. எனவேதான் அடுத்த காவலாகச் சொட்டு மருந்தைச் சொல்கிறோம்.

அறுவைக்குப் பின் தரப்படும் சொட்டு மருந்துகளுள் ஒன்று ஸ்டீராய்டு. பெரும்பாலும் ஃப்ளூரோமெத்தலோன் என்னும் மென்மையான வகை. ஆறும் வேகத்தை மட்டுப்படுத்தி, உயிரணுக்கள் தழும்பின் வழியே போகாமல் அடக்கிவைப்பது அதன் பணி. நாளொன்றுக்கு நான்கு முறை என்று தொடங்கி, மாதத்துக்கு ஒரு வேளையாகக் குறைத்து, மூன்று நான்கு மாதங்களில் நிறுத்துவது ஒரு வழக்கம். பவருக்கும் ஆறும் விதத்துக்கும் ஏற்ப மருத்துவர் இதை மாற்றுவார். பார்வை தெளிந்துவிட்டது என்பதற்கும் உள்ளே காயம் ஆறிவிட்டது என்பதற்கும் தொடர்பில்லை. பார்வை சில வாரங்களில் தெளிகிறது. வேலி கட்டி முடிய மாதங்கள் ஆகின்றன. மூன்றாம் வாரத்தில் நிறுத்தியவர், கூரை வேய்ந்ததும் சுவருக்கு நீர் ஊற்றுவதை நிறுத்தியவரைப் போன்றவர்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் எழும் அச்சத்தை நான் அறிவேன். அது அடிப்படையற்ற அச்சமும் அன்று. சிலருக்கு இம்மருந்து கண்ணின் உள்ளழுத்தத்தை ஏற்றும். வலியோ சிவப்போ இருக்காது. கவனிக்காமல் விட்டால் பார்வை நரம்பு பழுதாகும். அந்தச் சேதம் திரும்பாது. நான் கண்டவர்களில் மருந்தை முன்கூட்டியே நிறுத்தியவர்களுக்கு நேர் எதிரானவர்களும் உண்டு. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் குப்பி மாற்றிக் குப்பி வாங்கி, எட்டு மாதங்கள் ஊற்றிக்கொண்டவர் ஒருவர். "ஊற்றினால் கண் குளிர்ச்சியாக இருக்கிறது" என்றார். அவருக்கு மூட்டம் இல்லை, அழுத்தம் ஏறியிருந்தது. இன்னொரு நுட்பமும் உண்டு. லேசரால் மெலிந்த கருவிழியில் அழுத்தத்தை அளந்தால், கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஆகவே பிற்காலத்தில் எந்த ஊரில் எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும் 'எனக்கு லேசர் செய்திருக்கிறது' என்று முதலில் சொல்லிவிடுங்கள். அறுவைக்கு முன் எடுத்த அளவுகளின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். அறுபது வயதில் கண்புரைக்கு லென்ஸ் கணக்கிடும்போதும் அது பயன்படும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். புற ஊதாக் கதிர் ஆறும் கருவிழியைச் சீண்டி மூட்டத்தைக் கூட்டுகிறது என்பது விலங்குகளில் செய்த ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. நல்ல நிலையில் இருந்த நோயாளிகள் கடும் வெயிலில் நாட்களைக் கழித்தபின் மூட்டத்தோடு திரும்பிய செய்திகளும் மருத்துவ ஏடுகளில் உள்ளன. பனிமலைக்கும் கடற்கரைக்கும் விடுமுறையில் சென்றவர்களைப் பற்றி மேல்நாட்டு ஏடுகள் எழுதுகின்றன. நம் ஊரில் விடுமுறைக்குப் போகவேண்டியதில்லை; பேருந்து நிறுத்தத்துக்குப் போனாலே போதும். என் இளைஞர் மாசி, பங்குனி முழுவதும் வண்டியில் வெயிலிலேயே இருந்தார். கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தாராம், நடைபாதைக் கடையில் வாங்கியது. இருண்ட நிறம் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதற்கு உறுதி இல்லை. தடுக்காத கறுப்புக் கண்ணாடியால் தீங்கும் உண்டு, ஏனெனில் இருட்டில் பாவை விரிந்து கூடுதல் கதிரை உள்ளே விடும். 'யு.வி. 400' என்று குறித்த கண்ணாடியைக் கண்ணாடிக் கடையில் கேட்டு வாங்கி, அங்கேயே சோதிக்கச் சொல்லுங்கள். ஓராண்டுக்கு அதுவும், விளிம்புள்ள தொப்பியும். வானம் மேகமூட்டமாக இருக்கும் நாளிலும் புற ஊதாக் கதிர் வரும்.

வைட்டமின் சி மாத்திரையைச் சில மருத்துவர்கள் துணைக்குத் தருகிறார்கள். தரலாம், அது சொட்டு மருந்துக்கு மாற்று ஆகாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் ஆகியவற்றைக் கண்ணில் விடாதீர்கள் என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. இவ்வாண்டும் இருவர் விட்டுக்கொண்டு வந்தார்கள்.

வீட்டில் உடனிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரும்பாலும் மூட்டம் இரு கண்களிலும் ஒரே அளவில் வருவதில்லை. ஒரு கண் மங்கினாலும் மற்றது ஈடுகட்டிவிடும், நோயாளிக்கே தெரியாது. வாரம் ஒருமுறை ஒரு கண்ணைக் கையால் மூடி, சுவரில் தொங்கும் நாட்காட்டியை ஒரே தூரத்திலிருந்து படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் படிக்கச் சொல்லுங்கள். இரவில் விளக்கைச் சுற்றி வளையமோ புகையோ தெரிகிறதா என்று கேளுங்கள். வேறுபாடு தெரிந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் வந்துவிடுங்கள். மங்கல் எல்லாமே மூட்டம் அன்று. கண் உலர்வாகவும் இருக்கலாம். பிரித்தறிவது எங்கள் வேலை.

இனி நான் சற்றுக் கடுமையாகச் சொல்ல விரும்பும் ஒன்று உண்டு. இந்த அறுவைக்கு வருபவர்களில் பலருக்குப் பின்னால் ஒரு தேதி நிற்கிறது. பெண் பார்க்க வருகிறார்கள், முகூர்த்தம் குறித்தாயிற்று, வேலைக்கு உடல்தகுதித் தேர்வு வருகிறது. "அடுத்த மாதம் கல்யாணம் டாக்டர், அதற்குள் கண்ணாடி போய்விட வேண்டும்" என்று பெண்ணைப் பெற்றவர்கள் கேட்கும்போது, அந்தப் பெண் பல நேரம் பேசாமல் அமர்ந்திருப்பார். மூன்று மாதத்துக்குள் திருமணம் உள்ளவர்களுக்கு நான் பி.ஆர்.கே. செய்வதில்லை. மணமேடைப் புகையிலும் ஒப்பனையிலும் உறவினர் கூட்டத்திலும் எந்தப் பெண்ணும் வேளை தவறாமல் சொட்டு மருந்து போட்டுக்கொண்டதை நான் பார்த்ததில்லை. திருமணத்துக்குப் பின் கருவுற்றாலோ, அதற்கேற்ப மருந்துகளையே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். வேலைக்காகச் செய்துகொள்பவர்கள், அந்தப் பணி லேசர் செய்த கண்ணை ஏற்கிறதா என்பதை முதலில் விதிகளில் பார்த்துவிட்டு வாருங்கள். ஏற்காத பணிகளும் உள்ளன. செய்துகொண்டபின் அதை அறிந்து என் முன்னால் அமர்ந்து அழுதவர்கள் உண்டு. கண்ணாடி அணிவது ஒரு குறையன்று என்று நான் சொன்னால், கண்ணாடி அணிந்த நானே சொல்வதால் சிலர் சிரிக்கிறார்கள்.

இப்படியெல்லாம் பேசினால் நோயாளி பயந்து ஓடிவிடுவார் என்று என் துறை நண்பர்கள் சிலர் சொல்வார்கள். அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடும் ஓர் அறுவையில், சிலருக்கு வருவதைப் பெரிதாக்கிக் காட்டினால், பயனடைய வேண்டியவரும் பின்வாங்கிவிடுவார். ஆயினும் என் அனுபவம் வேறாக இருக்கிறது. மூட்டத்தைப் பற்றி முன்னரே அறிந்தவர்கள் ஓடவில்லை; மருந்தை ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்கள். ஓடியவர்கள் சிலர், ஓடவேண்டியவர்களே.

நம் மருத்துவமனையும் மாற்றிக்கொள்ள வேண்டியவை உள்ளன. ஒப்புதல் கையெழுத்தை அறுவை நாளன்று, கண்ணில் மருந்து ஊற்றி எழுத்து மங்கிய பிறகு வாங்குவது முறையன்று. ஒரு வாரம் முன்னதாக, வீட்டார் ஒருவரையும் அமர்த்தி, தமிழில் பேசி, கேள்வி கேட்கவிட்டு, பிறகு வாங்க வேண்டும். கட்டணமும் அப்படியே. முதல் மாதத்துடன் தொகுப்புக் கட்டணம் முடிந்துவிடுவதால், அதன்பின் ஒவ்வொரு முறையும் பணம் கட்டி வரவேண்டியிருக்கிறது. நன்றாகத் தெரியும் கண்ணைக் காட்டுவதற்கு, ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பேருந்து மாறி யார் வருவார்கள்? ஓராண்டு மறுபரிசோதனையை முதல் கட்டணத்திலேயே சேர்க்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் வாரமும் மூன்றாம் மாதமும் தொலைபேசியில் அழைத்து, 'மருந்து இருக்கிறதா' என்று கேட்கும் பழக்கம் எங்கள் பிரிவில் இப்போது தொடங்கியிருக்கிறது. அழைப்பவர் மருத்துவர் அல்லர். எங்கள் மூத்த செவிலியர். அவர் கேட்டால் எல்லாரும் உண்மையைச் சொல்கிறார்கள்.

வந்துவிட்ட மூட்டத்துக்கு வழி இருக்கிறது. ஸ்டீராய்டு மருந்தைச் சரியான அளவில் மீண்டும் தொடங்கி, அழுத்தத்தைக் கண்காணித்தபடி காத்திருப்பது முதற்படி. பலருக்கு அதுவே போதும். ஆறு மாதம், ஓராண்டு காத்திருந்தும் விலகாவிட்டால், அந்தப் பகுதியைச் சுரண்டியோ லேசரால் மெல்ல நீக்கியோ, மைட்டோமைசினைக் கூடுதல் நேரம் வைப்பது அடுத்த படி. இரத்த அழுத்தத்துக்குத் தரும் லோசார்ட்டன் என்னும் மருந்தைச் சொட்டு மருந்தாக்கித் தழும்பைக் கரைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. அது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. மூட்டம் இருக்கும்போதே திரும்பிய பவருக்காக அவசரப்பட்டு மறுபடி லேசர் செய்யக் கூடாது. மூட்டம் விலகும்போது பவரும் ஓரளவு தானே மாறும்.

என் இளைஞருக்கு மருந்தைத் தொடங்கி இப்போது ஏழு மாதங்கள் ஆகின்றன. இடக்கண் தெளிந்துவிட்டது. வலக்கண்ணில் இன்னும் ஒரு சுவடு இருக்கிறது. வண்டி ஓட்டுவதற்கு மைனஸ் 1 பவரில் ஒரு கண்ணாடி வாங்கியிருக்கிறார். "கழற்ற வந்தவனுக்கு மாட்டிவிட்டீர்களே டாக்டர்" என்று சென்ற முறை அவரே கேலி செய்தார். நான் சிரிக்கச் சிறிது நேரமாயிற்று. இரவுப் பயணத்தைத் தவிர்க்க, முதலாளியிடம் பேசி அருகிலுள்ள ஊர்களை மட்டும் வாங்கிக்கொண்டாராம். வருமானம் சற்றுக் குறைந்திருக்கிறது. அவருடைய அம்மா, நாட்காட்டித் தாள் ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு தேதியிலும் சிறு சிறு கோடுகள். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. ஒரு நாளும் விட்டிருக்கவில்லை. அடுத்து மார்கழியில் வரச் சொல்லியிருக்கிறேன். வலக்கண்ணைச் சுரண்ட வேண்டுமா, இன்னும் பொறுக்கலாமா என்பதை அன்று பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.